வாசற்கதவருகே ஒரு குரல்

காலையில் பால் காய்ச்சினேன். குளித்தேன். கிளம்பும் முன் சானிடைசர் பாட்டிலை ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியிடம் காட்டினேன். எல்லா வீடுகளிலும் இருப்பதுபோல எங்கள் வீட்டிலும் அது வாசற்கதவருகே இருக்கிறது. ஆல்கஹால் எவ்வளவு, மெத்தனால் கலந்திருக்கிறதா என்று சொல்லும். வீட்டில் யாராவது ஒருவரின் குரலில், அவர் பேசும் விதத்திலேயே பேசும். எங்கள் வீட்டில் நிவேதாவின் குரல்.

"எழுபது சதவீதம். நல்லா தேச்சுக்கங்க."

என் மனைவி நிவேதா காய்ச்சலில் இறந்து மூன்று மாதமாகிறது.

நான் கிளம்புவதற்குள் அவளுடைய அம்மா இன்றும் ஒரு பை நிறைய பாட்டில்களோடு வந்தார். ஏதாவது காட்டினால்தான் கருவி பேசும். ஒரு பாட்டிலுக்கு ஒரு பேச்சு. அத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது வெறும் தண்ணி. கடைக்காரன் மூஞ்சிலயே ஊத்திட்டு வாங்க."

அத்தை சிரித்தார். "அதே வாய் மாப்ள. இவளை எப்படித்தான் சமாளிச்சீங்களோ."

பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. அத்தை பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்குள்ள போயிட்டா. கடைசியா என்னைக் கேட்டாளா மாப்ள?"

"உங்களைப் பத்திதான் பேசினா அத்தை."

"என்ன சொன்னா?"

கருவி பேசாமல் இருந்தது. நான்தான் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க, பயந்துடும். காலையில நானே பேசிக்கிறேன்."