சேதம் இருந்தாத்தான்

"இவனுங்களைக் கண்டாலே எனக்கு எரியுது," என்றாள் மங்களம், பல்லிடுக்கில் நூலைக் கடித்தபடியே.

"யாரை ஆன்ட்டி?" நாற்காலியில் பாதிப் புருவத்தோடு சாய்ந்திருந்த நிவேதிதா கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"வேற யாரு, வெளியில தோண்டறானுங்களே, அவனுங்கதான்."

தேக்கா வட்டாரத்தில் மங்களத்தின் அழகு நிலையம் இருந்த சந்து முழுவதையும் தோண்டிப் போட்டிருந்தார்கள். குழாய் மாற்றுகிறார்களாம். கடைவாசலை மறைத்து உயரமான பலகை. அதில் 'கடைகள் வழக்கம்போல் திறந்திருக்கும்' என்று நான்கு மொழியில் எழுத்து. திறந்திருந்தது உண்மைதான். ஆள்தான் வரவில்லை.

"நானே அவ்ளோ தூரம் பொங்கோல்லேர்ந்து வந்து, வழி தெரியாம மீன் கடைக்குள்ள போயி வெளிய வந்தேன். உங்களுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே ஆன்ட்டி?"

மங்களம் நூலை எடுத்துவிட்டு, ஏஜென்ட் ஸ்ரீநாத்தின் மூக்குக் குரலைப் போட்டாள்.

"'அக்கா, ரோடு வேலைக்கெல்லாம் கேன்னாட் லா. வியாபாரம் படுத்துட்டா பாலிசி குடுக்காது. கட்டடத்துல சேதம் இருந்தாத்தான் குடுக்கும். சுவத்துல விரிசல் கிரிசல் ஏதாச்சும் இருக்கா?' பாலிசி விக்க வந்தப்ப மட்டும், 'எல்லாத்துக்கும் கவர் இருக்கு அக்கா, நிம்மதியா தூங்குங்க'ன்னான்."

நிவேதிதா குலுங்கிச் சிரித்தாள்.

"ஆடாதே, புருவம் கோணிக்கும்."

"சரி, விரிசல் இருக்கா?"

"இல்லாம? போறப்ப வெளிச்சுவத்தைப் பாரு. காண்ட்ராக்டர்கிட்டயும் இன்சூரன்ஸ் இருக்குதாம். அவன் மிஷினால சுவரு போச்சுன்னா சுவத்துக்கும் குடுக்கணும், கடையை மூடற நாளுக்கும் குடுக்கணும். அது வந்தாத்தான் எனக்கு வாடகை. இல்லேன்னா ஷட்டரை இறக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

போன தீபாவளிக்கு மங்களம் பழைய ரோஸ் நிறப் பெயர்ப்பலகையைப் பிடுங்கிவிட்டு, தங்க நிறத்தில் பெரிதாக ஒன்று மாட்டினாள். அப்போதிலிருந்தே அதன் கீழே சுவரில் ஒரு மணப்பெண் போஸ்டரும் இருந்தது. ஸ்ரீநாத் வந்துபோன அன்றே மணப்பெண்ணைக் கிழித்தாயிற்று. போஸ்டருக்கு அடியில் முழ நீளத்துக்கு விரிசல்.

அன்றிலிருந்து தினமும் அர்ச்சனை. ஹெல்மெட் போட்ட தலை எது தென்பட்டாலும் விட மாட்டாள். அதிகம் மாட்டியவன் கதிரேசன், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவன்.

"உன் மிஷின் உறுமுன உறுமல்ல என் சுவரே பொளந்துடுச்சு. ஊர்ல மாட்டுக் கொட்டாயில தோண்டற நெனப்பா?"

"பாத்துத்தான் தோண்டறோங்க்கா."

"'பாத்துத்தான் தோண்டறோங்க்கா.'" அவனைப் போலவே தோளைக் குறுக்கி, அதே இழுவையோடு சொல்லிக்காட்டுவாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். கதிரேசனும் சிரித்துவைப்பான்.

காண்ட்ராக்டரின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு காலை ஹனீபா வந்தார், சேதத்தை நேரில் பார்க்க. மங்களம் தொண்டையில் கொஞ்சம் அழுகையை ஏற்றிக்கொண்டாள்.

"வாங்க சார். வந்து நீங்களே பாருங்க, எப்படிப் பொளந்து..."

சுவர் வழவழவென்று இருந்தது. விரிசல் இருந்த இடத்தில் சிமெண்ட் பூசி, அதன்மேல் சுவரின் நிறத்திலேயே பெயின்ட்டும் அடித்திருந்தது.

"எங்கம்மா விரிசல்?" என்றார் ஹனீபா.

தடுப்புப் பலகை ஓரமாக நின்றிருந்த கதிரேசனின் விரல்களில் அதே பெயின்ட்.

"இவன்தான் சார்! ஆதாரத்தையே மூடிட்டான். கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்துச் செய்யறான்."

"நீயாப்பா பூசினே? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். எங்களாலதான்னு அக்கா தினமும் சொன்னாங்க. மனசு கேக்கல. கடை தொறக்கறதுக்கு முன்னாடி வந்து பூசிட்டேன்."

"பூசறப்ப பாத்திருப்பியே. விரிசல் புதுசா, பழசா?"

கதிரேசன் மங்களத்தைப் பார்த்தான். கை தானாகச் சட்டைப்பையின் மேல் போய் நின்றது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதாம். நடிக்கிறான் சார். இவன் வேலை பெர்மிட்டை வெட்டி ஊருக்கு அனுப்பச் சொல்லி எழுதுங்க."

"நீங்க அனுப்பின போட்டோவை மட்டும் வெச்சு நான் என்னத்தம்மா எழுதறது? சேதம் கண்ணுக்குத் தெரியணும்ல," என்று ஹனீபா பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறையும்வரைதான் மங்களம் பொறுத்தாள்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேடா. அந்தச் சிமெண்ட்டுக்குள்ள என்னத்தை ஒளிச்சு வெச்சே?"

"ஒண்ணும் ஒளிக்கலக்கா. உள்ள இருந்ததை எடுத்துட்டுத்தான் பூசினேன்."

சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தான். பாதி ஒடிந்த போல்ட். உடம்பெல்லாம் துரு. தலையில் மட்டும் ரோஸ் பெயின்ட்.

மங்களம் நிமிர்ந்து, பழைய ரோஸ் பலகையைப் பிடுங்கிய இடத்தைப் பார்த்தாள்.

கதிரேசன் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்து சொன்னான்: "விரிசல் கெளம்புற எடத்துல இதுதான் சிக்கியிருந்துச்சு. அந்த சார் முன்னாடி எடுத்தா உங்களுக்குக் கேவலமாயிடும்னு பையிலேயே வெச்சிருந்தேங்க்கா."