மானியத்தில் வந்த சூரிய அடுப்பு

என் நண்பன் துலுக்கானம் எனக்குத் தரவேண்டியது முந்நூற்று நாற்பது ரூபாய். கடன் வாங்கிய நாளிலிருந்து என்னைத் தெருவில் கண்டால் மரியாதையாகச் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான். அந்தக் காசில்தான் தகரமும் கண்ணாடியும் வாங்கி முதல் சூரிய அடுப்பைச் செய்தான். அதைப் பார்த்து அரசாங்கம் மானியம் கொடுத்துவிட்டது. இன்று அம்பத்தூரில் அவனுக்குச் சொந்தப் பட்டறை. வாசலில் வரிசையாக நிற்கும் அடுப்புப் பெட்டிகளின் கண்ணாடியில் உச்சி வெயில் பட்டு என் கண்ணைக் குத்துகிறது. ஒரு பெட்டியைத் திறக்கிறான். ஆவி பறக்கிறது. என் மனைவி நாகவல்லி ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிறாள். "இன்னாமா செஞ்சிகீற அண்ணாத்தே! நெருப்பே இல்லாம வெந்துகீதே!" என் வேலையை அவள் ஒருநாளும் இப்படி மெச்சியதில்லை. துலுக்கானம் நோட்டுகளை நீட்டுகிறான். "எண்ணிக்கோ மச்சான்." என் கை நீளவில்லை. "இப்ப இன்னா அவசரம்? வெச்சிக்க." "மானியம் வாங்குனவன்கிட்டயே பெரிய மன்சன் வேலை காட்றியா?" என்று சிரித்து, என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போகிறான். கடன் தீர்ந்தது. இனி என்னைக் கண்டால் அவன் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை.