பின்பெட்டியில் விண்மீன்கள்

"உள்ள ஏறிப் படு நாகு. நான் மூடியச் சாத்துறேன். எங்கெங்க வெளிச்சம் தெரியுதுன்னு சொல்லு."

"நானா? இந்தப் பெட்டிக்குள்ளயா?"

"பின்ன? இந்தத் தொந்தியோட நான் உள்ள போனா, தொரையே வந்துதான் இழுத்து வெளிய போடணும்."

நாகமணி சிரித்தாள். அவள் கணவன் சிவானந்தம் தோட்டத்துத் துரையின் டிரைவர். துரை அந்தப் பெரிய கறுப்புக் காரை ஏலத்தில் எடுத்திருந்தார். ஜப்பான்காரன் காலம் முழுவதும் யாரோ அதை ஒரு கொட்டகையில், ரப்பர் ஒட்டுப்பால் மூட்டைகளுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார்களாம். உள்ளே தோல் இருக்கைகளும் தேக்குப் பலகையும் இன்னும் மினுங்கின. பின்பெட்டியில் மட்டும் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. காலையிலிருந்து இருவரும் மக்கிய கம்பளத்தைச் சுரண்டி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, துருவை உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம தொர ஜெராம் கடலுக்குக் கெளம்புறாரு. போன மழையில அவரு துணிப்பெட்டி ஊறிப்போச்சு. மறுபடி ஒழுகினா எனக்கு வேலையும் இல்ல, லயத்துல வீடும் இல்லன்னுட்டாரு."

"தெரியும்லா. எத்தன வாட்டி சொல்லுவீங்க?"

அவள் உள்ளே ஏறிக் கால்களை மடக்கிப் படுத்தாள். மூடி சாத்திக்கொண்டது.

முதலில் இருட்டு. பிறகு தலைக்கு மேலே மூன்று விண்மீன்கள் மெல்ல வந்தன. துரு தின்ற ஓட்டைகள். அவற்றில் ஒன்று ஊசிமுனை அளவுதான். அதன் வழியாக வந்த வெளிச்சம் எதிர்த் தகரத்தில் ஒரு படத்தை வரைந்தது. ரப்பர் மரங்கள் வானத்திலிருந்து தொங்கின. அவற்றுக்கு இடையே அவள் கணவன் தலைகீழாக நடந்து போனான். கையிலிருந்த வாளியும் தலைகீழ். தண்ணீர் சிந்தவில்லை.

அந்தத் தலைகீழ் ஊரில் தோட்டத்து முள்வேலி தெரியவில்லை. அங்கே அர்ஜுனன்கூடச் சாலையில் நடந்து போகலாம் என்று தோன்றியது.

அர்ஜுனன் அவளுடைய தம்பி. தொழிலாளர் சங்கத்தில் பேசியவன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டதும் போலீஸ் தேடியது, ஓடினான். இந்த வாரம் திரும்பி வந்து, ரப்பர் காயவைக்கும் பழைய புகைக்கூடத்துப் பரணில் ஒளிந்திருந்தான். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தோட்டத்து வாசலில் காவல்காரர்கள் சோற்றுக் கேரியரைக்கூடக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். துரையின் காரைக் கண்டால் மட்டும் சல்யூட் அடித்து வழி விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி இதற்குள் படுத்துக்கொண்டால் ஜெராம். பக்கத்தில் சுங்கை செம்பிலாங். அங்கிருந்து மீன் படகில் சுமத்ரா.

அதுவரை அவன் மூச்சு விட வேண்டும். இந்த மூன்று ஓட்டைகளும் வேண்டும்.

"எத்தன தெரியுது?" வெளியிலிருந்து குரல்.

"ஒண்ணும் தெரியல."

"நல்லாப் பாரு புள்ள."

"இருட்டுன்னா இருட்டுதான்!"

"சரி, தண்ணி ஊத்துறேன்."

மூடியின்மேல் தண்ணீர் கொட்டியது. ஒரு துளி அவள் நெற்றியில் விழுந்தது. ஒன்று இமையில். ஒன்று உதட்டில். அவள் அசையவில்லை. ஆற்றின் அடியில் படுத்திருப்பதுபோல் இருந்தது.

"நனையுதா?"

"இல்ல."

"அப்படியே உள்ளேருந்து மூடியத் தள்ளு. பூட்டு புடிக்குதா பாப்போம்."

தள்ளினாள். மூடி திறந்தது. வெயிலில் கண் கூசியது.

"தள்ளுனா தொறந்துக்குதே. மாத்தணுமா?"

"பழைய பூட்டு. இருந்துட்டுப் போவுது." சிவானந்தம் அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன இது, மொகமெல்லாம்?"

"வேர்வ."

அவன் தோள் துண்டால் அவள் நெற்றியைத் துடைத்தான். "உன் தம்பியும் இப்படித்தான் வேர்ப்பான், மேடையில நின்னு கத்துறப்ப. கத்துனது அவன், ஸ்டேஷன்ல போயி உக்காந்தது நான்."

அவள் பெட்டியிலிருந்து கீழே இறங்கினாள்.

"போ, போய்ச் சாப்புடு. இந்த வாரம் பூரா பாதிச் சோறுதான் திங்கிற."

"வயிறு சரியில்லங்க."

அவள் திரும்பி வந்தபோது கரி அடுப்பில் பற்றவைக்கும் இரும்பு பழுத்துக் கிடந்தது. ஈயம் உருகிய வாசனை. பின்பெட்டி மூடியில் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது.

"ஓட்டையே இல்லன்னு சொன்னேனே," என்றாள்.

"மேல மழ நிக்கிற எடம். அப்படியே விடலாமா? இன்னொரு வாட்டி படுத்துப் பாரு."

உள்ளே தென்னை நார் மெத்தை ஒன்று புதிதாக விரித்திருந்தது.

"இது எதுக்கு?"

"தொர பெட்டி உருளக் கூடாதுல்ல?"

மூடி சாத்திக்கொண்டது. அவள் மேலே பார்த்தாள். ஒரு விண்மீன்கூட இல்லை. ரப்பர் மரங்கள் இல்லை, தலைகீழ் ஊர் இல்லை. விரலால் தடவினாள். மூன்று இடத்திலும் ஈயம் கொப்புளமாக உறைந்திருந்தது. இனி இதற்குள் யாரைப் படுக்க வைப்பது? அவள் ஒருக்களித்துப் படுத்து, சத்தம் வராமல் அழுதாள்.

அப்போது கன்னத்தில் சில்லென்று காற்று பட்டது.

கண்ணைத் திறந்தாள். கீழே, மழை எட்டாத நம்பர் பலகைக்குப் பின்னால், புதிதாகத் துளையிட்ட சின்னச் சின்ன வட்ட வெளிச்சங்கள் வரிசையாக நின்றன.

வெளியே சிவானந்தம் குந்தி உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அந்த வெளிச்சங்களின் வழியாகவே அவன் குரல் மெதுவாக வந்தது.

"மச்சானுக்கு இந்தக் காத்து போதுமா நாகு, இல்ல இன்னும் ரெண்டு போடவா?"