ஓட்டைக் குடத்துக்கு விருது

தண்ணி லாரியை நம்பிப் பிழைக்கும் ஒரு தெருவில் பச்சைக் குடம் ஒன்று இருந்தது. அடியில் ஓட்டை. வயிற்றில் தண்ணி தங்கி மூணு வருஷமாச்சு. ஆனால் வரிசையில் அது வைத்ததுதான் சட்டம்.

"கைப்பிள்ளைக்காரி வீட்டுக் குடம் முன்னால வா! ஏய் நீலம், பின்னால போ!"

எவர்சில்வர் குடங்கள்கூட மறுபேச்சுப் பேசாது. ஒரு சொட்டும் தனக்கென்று கேட்காத குடத்தோடு யார் மல்லுக்கு நிற்பது?

சேதி ஊரெல்லாம் பரவி, நகரப் பாத்திரங்கள் சங்கத்திலிருந்து வெள்ளிச் செம்பு மாலையோடு வந்து இறங்கியது.

"சிறந்த தெருத் தலைவர் விருது உனக்குத்தான்ப்பா. கூடவே நிதியும் உண்டு. என்ன வேணும், கேளு."

பச்சைக் குடம் கூச்சத்தோடு நெளிந்தது. "இந்த ஓட்டையை மட்டும் அடைச்சுக் குடுங்கய்யா."

சங்கத்துச் செலவில் ஓட்டை அடைபட்டது. தெருவே கைதட்டியது.

மறுநாள் லாரி வந்து நின்றதுதான் தாமதம், பச்சைக் குடம் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் பாய்ந்தது.

"வழி விடுங்க! விருது வாங்கின குடம் வருது!"

கைப்பிள்ளைக்காரி வீட்டுக் குடம் உருண்டுபோய்ச் சாக்கடையோரம் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தே கத்தியது:

"இந்தத் தெருவுல வேற ஓட்டைக் குடம் யாராச்சும் இருக்கீங்களா?"