ஜன்னலோர நாற்காலி

கிடர்பூர் ஆபீசுக்கு வந்தால் கோபு நேராகப் பட்டாபிராமனின் நாற்காலியில்தான் உட்காருவான். ஜன்னலோர நாற்காலி. அதன் முதுகில் பட்டாபியின் பச்சைக்கரைத் துண்டு கிடக்கும். பட்டாபி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வான்.

"இன்னும் இங்கயே ஒட்டிண்டிருக்கியா? வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துட்டு வெளில வாடா" என்பான் கோபு.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். போன வருஷம் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்ததும் கோபு முதல் ஆளாக எழுதிக் கொடுத்தான். அரசாங்க வேலையை உதறுகிறானே என்று அன்றைக்கு எல்லாரையும்விட அதிகமாக வருத்தப்பட்டவன் பட்டாபிதான்.

இப்போது கோபுவின் கழுத்தில் டை, இடுப்பில் செல்போன், கையில் கறுப்பு ப்ரீஃப்கேஸ். அந்த ப்ரீஃப்கேஸைப் பார்க்கும்போதெல்லாம் பட்டாபிக்கு வயிறு எரிந்தது.

"எந்த ஆபீஸ்னு சொல்லவே மாட்டேங்கறியே?"

"கன்சல்டன்சிடா. ஒரே எடம்னு கிடையாது. எங்க ஆள் வேணுமோ அங்க அனுப்புவா."

அன்று சாயங்காலம் பட்டாபியின் மனைவி விஜயா காபியை டக்கென்று வைத்தாள். "லேக் மார்க்கெட்ல கோபுவோட ஆம்படையா வசந்தியைப் பாத்தேன். அவாத்துல ஏ.சி. மாட்டியாச்சாம். நம்மாத்து ஃபேன் முனகறது, நீங்களும் கூடவே முனகுங்கோ."

மறுநாள் பட்டாபி எழுதிக் கொடுத்துவிட்டான். மேலதிகாரி கோஷ் பாபு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பட்டாபி பாபு, நல்லா யோசிச்சீங்களா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"கோபு என்ன கெட்டா போயிட்டான்?" என்றான் பட்டாபி.

கடைசி நாளன்று மாலை போட்டார்கள், ரசகுல்லா கொடுத்தார்கள். எல்லாரும் கலைந்த பிறகு கோபு வந்தான். அன்றைக்கு மட்டும் அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

"உக்காரேன்டா."

"நீ மெதுவா எழுந்துக்கோ. ஒண்ணும் அவசரமில்ல."

இப்போதாவது மரியாதை வந்ததே என்று பட்டாபிக்கு உள்ளூரத் திருப்தி. எழுந்து, பச்சைக்கரைத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"இனிமே நானும் உன்னை மாதிரிதான். உங்க கன்சல்டன்சில எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைடா."

கோபு ப்ரீஃப்கேஸைத் திறந்தான். உள்ளே ஒரு டிபன் பாக்ஸும் புது வெள்ளைத் துண்டும் மட்டும் இருந்தன. துண்டை உதறி நாற்காலியின் முதுகில் போட்டான்.

"நாளைலேருந்து என்னை இங்கதான் அனுப்பறா, காண்ட்ராக்ட்ல."

"அப்ப இத்தனை நாளா?"

"ஆத்துல உக்காந்திருந்தேன்டா, உன் ஸீட் காலியாறதுக்கு."