மெழுகு வைத்த பேணி

"காத்தும் ஈரமும் படாட்டி கோப்பித்தூள் வருசத்துக்கும் பழுதாகாது" என்றபடி, மதலேனா தகரப் பேணியை மூடி, விளிம்பைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினாள்.

இடம்பெயர்ந்து வந்து அவள் வளவில் கொட்டில் போட்டிருந்த கலிஸ்ராவின் மூக்கில், கோப்பி வறுத்து இடித்த வாசம் இன்னும் நின்றது.

"ஒரு வாய் ஊத்தித் தாங்கோவன், அக்கா."

"தேத்தண்ணி குடி, பிள்ளை."

மதலேனா பேணியோடு, செல்லடிக்குப் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினாள். கலிஸ்ராவுக்கு முகம் கறுத்துப்போனது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மதலேனாவின் புருசனிடம் கேட்டாள்.

"ஆருக்கண்ணை இப்பிடிப் பொத்தி வைக்கிறா?"

யாக்கோப்பு நிமிரவில்லை.

"நாங்கள் இப்ப கோப்பி குடிக்கிறேல்லை, பிள்ளை. மகன் செல் பட்டுக் கிடக்கேக்கை, ரத்தத்தை நிப்பாட்டக் காயத்திலை போட ஒரு கரண்டி தூள் இருக்கேல்லை. அண்டு காலமைதான் ரெண்டுபேருமாக் குடிச்சு முடிச்சனாங்கள்."