கக்கூஸ் கிடங்கில் ஒரு கப்பித்தான்

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. இது பறங்கியின்ரை எலும்பு. ஆள் செத்து நானூறு வருஷத்துக்கு மேலை," என்றார் தில்லைநாதன் மாஸ்ரர், கிடங்கின் விளிம்பில் குந்தியிருந்தபடி.

ஜெனிஸ் தோளில் கிடந்த துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எலும்பில் மணம் ஒன்றும் இல்லை, நாறியது கடலோரச் சேறுதான்.

காலையில் கூலிக்கு வந்து கக்கூஸுக்குக் கிடங்கு வெட்டத் தொடங்கிய றஞ்சித்தின் மண்வெட்டியில் முதலில் வந்தது ஒரு விலா எலும்பு. அவள் அப்போது இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அத்தனையையும் சட்டியோடு நாய்க்குக் கொட்டிவிட்டாள்.

யுத்த காலத்தில் விட்டுப்போன காணி. போன வருஷம்தான் திரும்பிவந்து, கொழும்புத்துறைக் கரையில் இந்தத் தகரக் கொட்டிலைப் போட்டார்கள். கக்கூஸ் இல்லாமல் அயல்வீட்டுக்கு வாளியோடு நடந்து அவள் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல. இப்போது அந்தக் கிடங்குக்குள்ளேயே ஒரு செத்த ஆள்.

றஞ்சித்தான் மாஸ்ரருக்குப் போன் போட்டவன். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், பழம்பொருள் சேர்க்கிற பைத்தியம் உள்ளவர். நெஞ்செலும்புகளுக்கு நடுவில் கிடந்த பித்தளைச் சாமானைக் கண்டபிறகு அவர் எலும்புகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில், குட்டிப் புத்தகம்போல மூடியிருந்தது அது. அதன் வளையத்தில் முடிச்சுப் போட்டிருந்த மீன்வலைத் தங்கூசி நைலோன் நூலை, "சீ, குப்பை" என்று பேனாக்கத்தியால் அறுத்தெறிந்தார். பிறகு விரலில் துப்பித் துப்பிச் சேற்றைத் துடைத்தார். அவருடைய நாடியில் தொங்கிய எச்சிலைப் பார்க்க ஜெனிஸுக்கு உடம்பு கூசியது.

மூடி திறந்தது. உள்ளே வட்டத்துக்குள் வட்டமாகத் தகடுகள், அந்நிய எழுத்துகள், நிலவின் முகம் ஒன்று.

"பாத்தியளே! பகலிலை வெய்யிலுக்குப் பிடிச்சு நேரம் பாக்கலாம். இரவிலை நிலவையும் வெள்ளியையும் வைச்சுக் கணக்குப் பாக்கலாம். அந்தக் காலத்துக் கப்பல் கப்பித்தான்மார் சட்டைப்பைக்குள்ளை கொண்டு திரிஞ்ச சாமான். உவர் பெரிய கப்பித்தான்தான்!"

அதற்குள் ஒழுங்கை சனத்தால் நிறைந்துவிட்டது. ஒருவன் மண்டையோட்டைத் தூக்கித் தன் கன்னத்தோடு ஒட்டவைத்துப் படம் எடுத்தான். இன்னொருவன் அதன் பற்களுக்கு நடுவே சிகரெட் ஒன்றைச் செருகினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"மனிசரே நீங்கள்?" என்று கத்தினாள் ஜெனிஸ். ஆனால் அதைப் பறித்து வைக்க அவளுக்குக் கை நீளவில்லை. தொடவே அருவருப்பாக இருந்தது.

"பொலிசுக்குச் சொல்ல வேண்டாமோ, மாஸ்ரர்?"

"சொன்னால் நாடா கட்டிப்போட்டுப் போயிடுவாங்கள். பிறகு உங்களுக்கு இந்தப் பிறப்பிலை கக்கூஸ் இல்லை. நான் இதை மட்டும் கொண்டுபோறன். மிச்சத்தை எங்கையாவது போடுங்கோ."

சொல்லும்போதே அதைக் கைக்குட்டையில் சுற்றிவிட்டார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது ஜெனிஸுக்கு. கக்கூஸை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

றஞ்சித் தலையைச் சொறிந்தான். "அக்கா, சுவாமியைக் கூப்பிட்டு ஒரு செபம் சொல்லி, சேமக்காலையிலை புதைப்பமோ?"

அவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்த எரிச்சல் அவன்மேல் பாய்ந்தது.

"சண்டை நேரம் வள்ளமேறி இந்தியாவுக்குப் போன என்ரை மனிசன்ரை தமையன் எமில்ராஜ் இருக்கிறாரோ இல்லையோ எண்டே தெரியேல்லை. வருவான் எண்டு மாமி இண்டைக்கும் வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறா. எங்கடை ஆளுக்கே ஒரு பூசை குடுக்கேல்லை, ஆரோ ஒரு பறங்கிக்கு நான் செபம் சொல்லவோ? உரப்பையிலை அள்ளிக் குப்பைமேட்டிலை கொட்டு!"

அவளே முன்னுக்கு நின்று அள்ளுவித்தாள். பைக்கு வெளியே விழுந்த கையெலும்பு ஒன்றை ஈர்க்குமாற்றின் கட்டையால் தட்டி உள்ளே தள்ளினாள். வேலியோரம் வைத்த பையை நாய் வந்து மோந்து பார்த்தது.

அந்த நேரத்தில்தான் அவளுடைய புருஷன் சிமியோன் வலையைத் தோளில் போட்டபடி கடலால் வந்தான். மாஸ்ரருக்குப் பெருமை தாங்கவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து நீட்டினார்.

"பாரும் சிமியோன், உம்மடை காணியிலை கிடந்த கப்பித்தான்ரை சாமான்! இதைத் திறக்கிறதுக்கு ஒரு வித்தை இருக்குது..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. சிமியோனின் பெருவிரல் தானாகவே ஓரத்துக் கொளுக்கியைத் தட்ட, மூடி திறந்துகொண்டது. தோளிலிருந்த வலை நழுவி நிலத்தில் விழுந்தது.

"ஆள் எங்கை?"

"எந்த ஆள்?" என்றாள் ஜெனிஸ்.

"உதோடை கிடந்த ஆள்."

அவள் வேலியோரத்தைக் காட்டினாள். "பறங்கியின்ரை எலும்பு, தொடாதேங்கோ! பிறகு கை கழுவாமல் என்னட்டை வராதேங்கோ!"

சிமியோன் காலால் நாயை விரட்டினான். மண்ணில் சப்பாணி கட்டி இருந்து, உரப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"உது என்ரை வலையிலை வந்தது, ஜெனிஸ். அண்ணையின்ரை கழுத்திலை நான்தான் கட்டிவிட்டனான்."